முனியின் ஆறாவது விரல்

சிதம்பரம்,
12.6.2008

அன்புள்ள அண்ணிக்கு,

பூதம் வரைந்து சம்பளம் வாங்கும் பையனுக்கு நம் இலக்கியாவைக் கொடுக்கலாமா? நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இத்தனை வருடமாக மனோதத்துவம் நடத்துகிறவள் இப்படி எழுதுவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத எனக்கு வராது.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? இங்கே வெயிலைத் தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. போனில் பேசினால் அண்ணன் கண்ணைப் பேப்பரிலும் காதை உங்கள் பேச்சிலும் வைத்திருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, தபால் வரும் நேரத்தில் அவர் ஆபீசில் இருப்பார். நானும் கடிதமே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதும் எனக்கு ஜெயராணி ஞாபகம்தான் வந்தது. கம்மாபுரத்துப் பெண், என்னிடம் எம்.பில். செய்கிறாள். மாயக் கதைகளிலும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலும் வரும் பூதம், அரக்கன் இவற்றை யார் யார் எப்படிப் பார்க்கிறார்கள், அது அவரவர் சுபாவத்தைப் பொறுத்ததா என்பது அவள் ஆராய்ச்சி. நான் நம்பிக்கையில்லாமல்தான் கையெழுத்துப் போட்டேன். கேள்வித்தாளில் ஒருவர் எந்தக் கட்டத்தில் குறி போடுகிறார் என்பதை வைத்து, அவர் நாளைக்குக் கட்டிய பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்ல முடியாது அண்ணி. பூதம் வரைவதால் ஒருவன் கெட்டவன் ஆகிவிடமாட்டான். நல்லவனாகவும் ஆகிவிடமாட்டான்.

இலக்கியா என்ன சொல்கிறாள்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லோகநாயகி


மஞ்சக்குப்பம், கடலூர்,
21.6.2008

அன்புள்ள லோகுவுக்கு அண்ணி மங்கலம் எழுதுவது.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அது போதும். நீ வெயிலில் குடை இல்லாமல் நடக்காதே. உன் கடிதம் வந்தது. படித்தவர்கள் பதில் சொல்வது இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று நீ வரவில்லை, அதனால் சொல்கிறேன். பையன் பெயர் அருண்பாண்டியன். மேல்பட்டாம்பாக்கம். தரகர் ராமாமிர்தம் கொண்டு வந்த ஜாதகம். எல்லாம் பொருந்துகிறது. பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். உங்கண்ணன் கேட்டார்: "தம்பி சென்னையில கம்ப்யூட்டர் வேலைன்னு தரகர் சொன்னாரு. என்னா வேலைன்னு வெளங்கல."

"பூதம் வரையிறேன் மாமா."

உங்கண்ணன் கையில் இருந்த காபி டம்ளர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"செல்லுல வெளையாடறவங்க அதோட சண்ட போடறதுக்கு."

என் தம்பி அன்பரசு சும்மா இருப்பானா? "அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா? நான் எங்க வீட்ல தெனம் சும்மாவே சண்ட போட்டுக்கினு இருக்கேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்துவிட்டு, "எல்லாரும் சண்ட போட மாட்டாங்க மாமா. கொஞ்ச பேரு வாளக் கீழ போட்டுட்டு, அது என்னா துன்னுது, எங்க தூங்குதுன்னு பின்னாடியே போய்ப் பாப்பாங்க. அவுங்களுக்காகத்தான் நான் ஜாஸ்தி வரையிறேன்" என்றான்.

உள்ளே இருந்த இலக்கியா சிரித்தாள். அந்தப் பேச்சை முதல் தடவை கேட்கிறவள் சிரிப்பாக எனக்குப் படவில்லை. என் காது வயதாகிவிட்ட காது, விடு.

அவளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றாள். அவள் எதற்கும் அப்படிச் சொல்கிற பெண் இல்லை, உனக்கே தெரியும்.

அந்த ஜெயராணி என்ன கேள்வி கேட்கிறாள் என்று எழுதி அனுப்பு. வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.

மங்கலம்


சிதம்பரம்,
29.6.2008

அன்புள்ள அண்ணிக்கு,

குடை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். நேற்று லேசாகத் தூறல் போட்டது, தூக்கம் வந்தது.

ஜெயராணியின் முக்கியமான கேள்வி இதுதான். காட்டுவழியில் தனியாகப் போகிறீர்கள். எதிரே ஒரு பூதம். உங்கள் கையில் வாள் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? வெட்டுவேன், ஓடுவேன், பேசிப் பார்ப்பேன், மறைந்து நின்று கவனிப்பேன் என்று நான்கு பதில் கொடுத்திருக்கிறாள். கூடவே சுபாவத்தைப் பற்றித் தனியாகக் கேள்விகள்.

இதுவரை அவள் பார்த்ததைச் சொல்கிறேன். எதையும் ஒழுங்காக, நேரத்தோடு செய்கிறவர்கள் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். பூதம் அவர்களுக்கு வழியில் கிடக்கிற தடை. கலகலப்பானவர்களும் வெட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வெட்டியதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான் விசித்திரம். கட்டத்தில் குறி போடாமல் தாளின் ஓரத்தில் கேள்வி எழுதுகிறார்கள். அதற்குப் பசிக்கிறதா? அது யாருடைய காடு? முதலில் வந்தது அதுவா நானா? விடுதியில் யாரோடும் பேசாத ஒரு மாணவி, தான் விளையாடும்போது பூதத்தின் பக்கம்தான் இருப்பாளாம். அது தோற்றுவிட்டால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காதாம்.

ஜெயராணி துள்ளுகிறாள். நான் அவளைத் துள்ளவிடவில்லை. கொஞ்சம் பேரைக் கேட்டுவிட்டு உலகத்தை நான்கு கட்டத்துக்குள் அடைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதேதான். வேடிக்கையாகக் கேளுங்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அண்ணனுக்கு நான் விசாரித்ததாகச் சொல்லவேண்டாம். நான் எழுதுவதே அவருக்குத் தெரியாது அல்லவா.

லோகநாயகி


கடலூர்,
20.7.2008

அன்புள்ள லோகுவுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. இங்கே காற்று மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. உனக்கு இருமல் வந்திருக்கும், மிளகுக் கஷாயம் வைத்துக் குடி. ஆடியில் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

உன் கேள்வியைச் சாப்பிடும்போது கேட்டேன். அன்பரசும் இருந்தான். "வெட்டறதா ஓடறதா? மொதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குவேன்" என்றான். இலக்கியா, "அது என்னப் பாத்துப் பயந்து நிக்கும், பாவம்" என்றாள். உங்கண்ணன் ரொம்ப நேரம் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அது எந்த ஊரு பூதம்?"

"என்னாங்க இது, பூதத்துக்கு ஏது ஊரு?"

"ஊரு இல்லாம வருமா? எந்த ஊரு, யாரு வகையறா, விசாரிக்காம வெட்டறதும் தப்பு, பேசறதும் தப்பு."

இதற்கு உன் ஜெயராணியிடம் கட்டம் இருக்கிறதா?

சிரித்தது அன்றோடு போயிற்று லோகு. பெண் பார்த்துவிட்டுப் போகும்போது அந்தப் பையன் தான் வரைந்த விளையாட்டை இலக்கியாவின் செல்லுக்கு ப்ளூடூத்தில் அனுப்பியிருந்தான். அன்பரசு தினமும் வந்து அதை வாங்கி ஆடிக்கொண்டிருந்தான். நேற்று கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டான் போலிருக்கிறது. ஹாலிலிருந்து கத்தினான்: "மாமா! இங்க வாங்க! உங்க சாமி செல்லுக்குள்ள நிக்கிறாரு!"

நானும் பார்த்தேன். உங்கள் குலசாமி, குமராட்சி வாழ்முனிதான். அதே முட்டைக்கண், அதே மீசை, மடித்து உட்கார்ந்த கால். வேறு எந்த முனியாவது இப்படி இருக்கும் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் இடது கையில் ஆறு விரல். வெள்ளத்தில் கை உடைந்து, புதுக் கை வைத்த கொத்தன் கணக்குத் தப்பி ஆறாக வைத்துவிட்டான் என்று நீயே எனக்குக் கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்தாயே, அதே கை.

அன்பரசு அதற்குள் ஒரு பித்தானை அமுக்கிவிட்டான். முனி மல்லாந்து விழுந்தது. ஏதோ பாயிண்ட் வந்தது.

உங்கண்ணன் எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார்.

மங்கலம்


சிதம்பரம்,
9.8.2008

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பேப்பர் திருத்தும் வேலை இருந்தது. இருமல் வந்து போய்விட்டது.

விஷயத்தைப் பெரிதாக்கவேண்டாம். பையனை நேரே கேட்டால் தெரிந்துவிடும். எங்கேயோ பார்த்திருப்பான், பிடித்திருக்கும், வரைந்திருப்பான். கொல்வதற்குத்தான் வரைந்தான் என்றும் சொல்ல முடியாது. ஜெயராணி இப்போது ஒரே படத்தை இரண்டு பெயரில் காட்டுகிறாள். 'அரக்கன்' என்று காட்டினால் வெட்டுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம் 'காவல் சாமி' என்று காட்டினால் கும்பிடுகிறார்கள். சுபாவத்தைவிடப் பெயர்தான் வேலை செய்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னவர்கள் சிலபேர்தான், எல்லாரும் அதிகம் பேசாதவர்கள். கிட்டப் போய்ப் பார்க்கணும் என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் இதில் தலையிடுவது சரியாக இருக்காது. அண்ணன் யோசித்துச் செய்வார்.

லோகநாயகி


கடலூர்,
14.8.2008

லோகுவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உங்கண்ணன் யோசித்துவிட்டார். சாமியை வெட்டுவதுகூட அவருக்கு இரண்டாவதுதானாம். "நம்ம சாமியோட ஆறாவது வெரல் அவனுக்கு எப்பிடித் தெரியும்? அதைக் கும்பிடற வகையறாவுக்குத்தான் தெரியும். அப்ப அவனும் அதே வகையறா. குலசாமி ஒண்ணுன்னா பங்காளி. அண்ணன் தங்கச்சி மொற. தெரிஞ்சே மறைச்சிருக்காங்க" என்கிறார். அவர்கள் குலசாமி அங்காளம்மன் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அதை நம்பமாட்டேன் என்கிறார்.

ராமாமிர்தத்தை விட்டுப் பையனைக் கேட்கச் சொன்னோம். போகும் வழியில் பார்த்தேன் என்று பையன் சொன்னானாம். உங்கண்ணனுக்கு அதுதான் பிடித்துக்கொண்டது. "வயலுக்கு நடுவுல, வழியே இல்லாத எடத்துல, எந்த வழியில பாத்தானாம்?" இதையே காலையும் மாலையும் கேட்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆவணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் யாரும் பேசமாட்டார்கள். இலக்கியா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், வருகிறாள், கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். நீ ஒரு முறை வந்து உன் அண்ணனிடம் பேசினால் ஆகாதா?

நான்கு விதமான ஆட்கள் என்று எழுதினாயே, நீ எந்த விதம்?

மங்கலம்


நெல்லிக்குப்பம்,
18.8.2008

அன்புள்ள அத்தைக்கு,

பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன். உங்களுக்கு உடம்பு பரவாயில்லை என்று அம்மா சொன்னார்கள். நான் உங்களுக்குக் கடிதம் எழுதி எவ்வளவு நாளாயிற்று! போனில் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

முனியின் படத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேனே, அங்கே பழக்கம். மூன்று வருடமாகிறது. ராமாமிர்தம் தாத்தாவிடம் ஜாதகம் போய்ச் சேர்ந்ததும் நாங்கள் செய்த ஏற்பாடுதான். சாதி, ஊர், ஜாதகம் எல்லாம் ஒத்து வந்ததால், பெரியவர்கள் பார்த்து முடித்ததாகவே இருக்கட்டும் என்று நினைத்தோம். அவர் வரையும் பூதத்துக்கெல்லாம் கொம்பும் இறக்கையும் இருக்கும். "எல்லாம் வெளிநாட்டுப் பூதமாவே இருக்குதே, நம்ம ஊர்ல ஆளா இல்ல?" என்று கேலி செய்து, போன வருடம் பொங்கல் வைக்கப் போனபோது எடுத்த படத்தை அனுப்பினேன். எனக்கு முனியைப் பார்த்து என்றைக்கும் பயம் வந்ததில்லை அத்தை. காது குத்தும்போது அவர் மடியில்தானே உட்கார வைத்தார்கள். ஆறு விரலையும் அப்படியே வை என்று சொன்னதும் நான்தான். வாளைக் கீழே வைத்தால் முனி வழிவிடுகிற மாதிரிதான் அவர் செய்திருக்கிறார். அன்பரசு மாமாவுக்கு அது தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் பங்காளி இல்லை என்று ஆகும். ஆனால் நாங்கள் முன்பே பழகினோம் என்றும் ஆகும். அப்பா திட்டுவார் என்றால் சொல்லிவிடுவேன். அவர் திட்டமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். என்னோடு மட்டுமில்லை, அம்மாவோடும்.

நீங்கள் ஒன்று சொன்னால் போதும். உங்கள் ஆராய்ச்சிக்காக அந்தப் படத்தை நீங்கள் எடுத்ததாகவும், அது இணையத்தில் போய்விட்டதாகவும், அதைப் பார்த்துத்தான் அவர் வரைந்ததாகவும். உங்கள் வார்த்தையை அப்பா சந்தேகப்படமாட்டார்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் இலக்கியா


சிதம்பரம்,
30.8.2008

அன்புள்ள இலக்கியா,

உனக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். முடியாது என்று எழுதிக் கிழித்தேன். சரி என்று எழுதி அதையும் கிழித்தேன். இந்த வாரம் முழுக்க வகுப்பில் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எதையோ சொல்கிறேன். மாலையில் ரயிலடி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புகிறேன், ஒரு வேலையும் இல்லாமல்.

நீ சொல்லச் சொல்வது சின்னப் பொய்தான். என் வேலையின் பெயரில் சொல்லச் சொல்கிறாய், அது ஒன்று. இன்னொன்று, உன் அப்பா அதை நம்பிவிடுவார். அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

வழியில் பார்த்தேன் என்று அந்தப் பையன் சொன்ன பொய் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்காகத்தான் சொன்னான் என்பதும் தெரிகிறது.

ஜெயராணியிடம் போகிறபோக்கில், ஒரு ஆள் கடைசிவரை ஒரு கட்டத்திலும் குறி போடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "காலியா வுட்டா அதுவும் ஒரு டைப்தான் மேடம்" என்றாள்.

யோசிக்கிறேன். சாப்பிடாமல் இருக்காதே.

அத்தை


கடலூர்,
7.9.2008

லோகுவுக்கு,

எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அதனால் நான் வர முடியாது. எங்கே என்று கேட்பாய், சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கண்ணன் இலக்கியாவை அழைத்துக்கொண்டு குமராட்சிக்கு வருகிறார். முனி முன்னால் பூ கட்டிப் பார்க்கப் போகிறாராம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. வழக்கமாகச் சின்னப் பிள்ளையைத்தானே எடுக்கச் சொல்வார்கள்? நானும் அதைச் சொன்னேன். "லோகு எடுக்கட்டும். அவளுக்குச் சாமியும் கெடையாது, பக்கமும் கெடையாது. அவ கையி பொய் சொல்லாது" என்கிறார். போனில் உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார். இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கேட்டுக்கொள்.

இலக்கியா உனக்கு எழுதியிருப்பாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் எனக்கு எழுதாதே. தெரியாமல் இருந்தால்தான் அவர் கேட்கும்போது தெரியாது என்று என்னால் சொல்ல முடியும்.

வெள்ளை எந்தப் பொட்டலம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தால் தெரிந்துகொள்.

மங்கலம்


சிதம்பரம்,
13.9.2008, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

அண்ணன் கூப்பிட்டார். சரி, வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

நீங்கள் கேட்டதற்கு, நான் எந்த விதம் என்பதற்கு, இன்னும் நான் பதில் எழுதவில்லை. தள்ளி நின்று பார்க்கிறவள் என்று நீங்கள் முன்பே முடிவு செய்திருப்பீர்கள். நான் அதை நியாயமாக இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது எனக்குத் தெரியும். இலக்கியாவின் வாழ்க்கை அந்தப் பாதியில் நிற்கிறது. எந்தப் பொட்டலம் என்று ஜாடையாகப் பார்த்து எடுத்தால் அது இன்னொரு பொய். எடுக்கமாட்டேன் என்றால் அவர் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்.

நாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போடப்போவதில்லை.

14.9.2008, ஞாயிறு மாலை

நடந்ததை எழுதுகிறேன். அண்ணன் உங்களிடம் சொல்லமாட்டார். இலக்கியா பாதிதான் சொல்வாள்.

காலையில் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து மினி பஸ்ஸில் போனோம். இறங்கி வாய்க்கால் வரப்பில் நடந்தோம். பூசாரி காத்தவராயன் முன்பே வந்து விளக்கேற்றி வைத்திருந்தார். நான் முனியைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. சுண்ணாம்பு புதிதாக அடித்திருக்கிறார்கள். ஆறாவது விரல் மற்ற விரல்களைவிட மெலிதாக இருக்கிறது.

காத்தவராயன் பூவரச இலையில் இரண்டு பொட்டலம் கட்டி, உருட்டி, முனியின் காலடியில் போட்டார். "எடு லோகு" என்றார் அண்ணன்.

"நான் எடுக்க மாட்டேண்ணே."

"ஏன்? தீட்டா?"

"எனக்குப் பக்கம் இருக்குது. பக்கம் இருக்கறவங்க எடுக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் இலக்கியாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்தியிருப்பேன். "அந்தப் பையன் பங்காளி இல்ல. ஆறு வெரலு படத்த அவனுக்கு அனுப்பினது நம்ம இலக்கியா. ரெண்டு பேருக்கும் மூணு வருஷமா பழக்கம். வழியில பாத்தேன்னு அவன் சொன்னது இவளக் காட்டிக்குடுக்காம இருக்கறதுக்கு. ரெண்டு பேரும் தப்பு பண்ணல, மறைச்சாங்க. நீ பேசாம இருந்துருவன்னு பயந்துக்கினு மறைச்சாங்க. என்னயும் ஒரு பொய்ய சொல்லச் சொன்னா இவ. எனக்கு வரல."

"நெசமா?" என்று அவளைக் கேட்டார்.

"நெசம்ப்பா" என்றாள். அழவில்லை.

காத்தவராயன், "பூவ என்னா பண்றதுங்க?" என்று கேட்டார்.

"சாமிக்கு வெச்சது. அங்கயே கெடக்கட்டும்" என்றார் அண்ணன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வரப்பில் ஓரிடத்தில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். "நீ எடுத்துருந்தா வேல முடிஞ்சிருக்கும்" என்றார்.

"செவப்பு வந்துருந்தா?"

"வந்துருந்தா வந்துருக்கும்." கொஞ்ச தூரம் போய், "இவ அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அண்ணி எங்கிட்ட எதுவும் சொல்லல" என்றேன். அது உண்மைதான் அண்ணி.

மினி பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் மூன்று டீ சொன்னார். குடித்து முடித்துவிட்டு இலக்கியாவிடம், "அந்தப் பையன் நம்பரு சொல்லு" என்றார். அவள் செல்லை எடுத்துப் பார்க்காமலே சொன்னாள். அவர் அதைக் கவனித்தார்.

நான் கேட்டது இவ்வளவுதான்:

"இலக்கியா அப்பா ராஜவேல் பேசறேன்... ஆமா. எந்த வழியில பாத்தன்னு இப்பதான் தெரிஞ்சிது... வெளக்கம்லாம் வேணாம். அந்தச் சாமிக்கு ஒரு வெரல எடுத்துடு. அஞ்சாக்கு. எங்க பங்காளிங்க யாராவது பாத்தா நான் ஊருக்குள்ள போவ முடியாது... முடியுமா முடியாதா?... சரி. உங்கப்பாவ நாளைக்கே வரச் சொல்லு. பொரட்டாசி பொறந்துட்டா அப்புறம் ஐப்பசிதான்."

செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸைத் தேடப் போனார். இலக்கியா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பஸ் கிளம்பியதும் அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி எனக்கு ஆட்டினாள். அண்ணன் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "கைய உள்ள வெய்யி, எதுர்ல பஸ்ஸு வருது பாரு" என்று அவர் திட்டியது எனக்குக் கேட்டது.

லோகநாயகி